மாட்டின் மதிப்பை யார் நிர்ணயிப்பது?

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பது எம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. கொடுத்தவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. ஆனால் வயலையும் பட்டியையும் விட்டு இடம்பெயர்ந்து, வெறுங்கையோடு வாழ்க்கையை மீண்டும் தொடங்கும் ஒரு குடும்பத்திற்கு வாழ்வாதார உதவியாக ஒரு பசுவோ நாம்பனோ வந்துசேரும்போது, இந்தப் பழமொழியைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே எமது கருத்து. பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். காலையும் குளம்பையும் மடியையும் பார்க்க வேண்டும். அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் கேட்டறிய வேண்டும்: இந்த மாட்டின் தாய் தந்தையரை எவர், எந்தத் தேவைக்காகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினர்?

இக்கேள்வியின் கனத்தை விளங்கிக்கொள்வதற்கு ஓர் உதாரணத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம். கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் பெரிய மாட்டு வளர்ப்பு நாடுகளில் விஞ்ஞானிகள் இறைச்சியின் மென்மைக்கும் கொழுப்புக்கும் காரணமான பரம்பரையலகுகளைத் தேடிவருகின்றனர். கண்டுபிடித்தும் இருக்கின்றனர். அந்தக் கண்டுபிடிப்புகள் எந்த மாடு "நல்லினம்", எந்த மாடு "மட்டமானது" என்ற தீர்ப்புக்கும் அடிப்படையாகி வருகின்றன.

எமது வாசகர்களில் மாட்டிறைச்சி உண்ணாதோர் பலர். மாட்டைத் தெய்வமாக மதிக்கும் குடும்பங்களும் உள்ளன. அவர்களுடைய உணர்வை நாம் மதிக்கிறோம். இக்கட்டுரை உணவுப் பழக்கத்தைப் பற்றியது அல்ல. உயிருள்ள ஒரு பிராணியின் ஆயிரம் குணங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதற்கு விலை வைக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியது. இன்று இறைச்சிக்கு நடந்தது நாளை பாலுக்கும், கோழிக்கும், விதைநெல்லுக்கும் நடக்கும், சிலவற்றில் நடந்துமாயிற்று.

மென்மை எங்கிருந்து வருகிறது?

மாடு உயிரோடிருக்கும்போது அதன் தசையிலுள்ள புரதங்கள் இடைவிடாது உடைந்து, புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. பழைய வீட்டின் கல்லைப் பெயர்த்துப் புதுச்சுவர் எழுப்புவது போன்றது இது. பெயர்க்கும் வேலையைச் செய்வனவற்றுள் கல்பெயின் என்னும் நொதியங்கள் முக்கியமானவை. அவை எல்லை மீறாதபடி தடுத்துப் பிடிக்கும் காவற்காரனும் தசைக்குள்ளேயே உண்டு. அதன் பெயர் கல்பாஸ்ரற்றின்.

மாடு அறுக்கப்பட்ட பின்னரும் சில நாட்களுக்கு இந்த நொதியங்கள் வேலைசெய்கின்றன. தசை நாரைத் தாங்கும் புரதங்களை அவை வெட்டிவிடுவதால்தான் குளிரறையில் சில நாள் வைத்த இறைச்சி மென்மையாகிறது. காவற்காரன் வலுவாயிருந்தால் வெட்டு குறையும். இறைச்சி கடினமாகவே இருக்கும். ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள அரச ஆராய்ச்சி நிலையம் முதலிய இடங்களில் 1990ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரு செய்தியைத் தெளிவாக்கின. ஏரி (திமில்) உள்ள மாடுகளின் தசையில் இந்தக் கல்பாஸ்ரற்றினின் வலு, ஏரியில்லாத ஐரோப்பிய மாடுகளில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கிறது. ஏரி மாட்டின் இறைச்சி சராசரியாகச் சற்றுக் கடினமாயிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். உயிரோடிருக்கும் மாட்டில் இதே காவற்காரன் தசைப் புரதம் அளவுமீறிக் கரைந்துபோகாமல் தடுப்பதிலும் பங்கெடுக்கிறது. மேசையின் முன் அமர்ந்து உண்பவர் "குறை" என்று சொல்வதை, மாட்டின் பக்கத்தில் நின்று பார்ப்பவர் அவ்வாறே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏரி மாடு சென்ற பயணம்

உலகின் மாடுகளை இரு பெருங் குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஏரியில்லாத மாடு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் வீட்டு விலங்காக்கப்பட்டது. ஏரி மாடு ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்து வெளியை அண்டிய பகுதியில் வீட்டு விலங்காக்கப்பட்டது. எமது ஊர்மாடும் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்ததே. தளர்ந்த தாடை, வியர்வையால் உடற்சூட்டை வெளியேற்றும் தோல், உண்ணியைத் தாங்கும் ஆற்றல், காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் காலந்தள்ளும் வயிறு ஆகியவை இக்குடும்பத்தின் சொத்து.

இந்தச் சொத்தின் மதிப்பை வெப்ப நாடுகளில் மாடு வளர்க்க முற்பட்ட வெள்ளையர் விரைவிலேயே அறிந்துகொண்டனர். ஐரோப்பாவிலிருந்து அவர்கள் கொண்டுசென்ற மாடுகள் வெயிலிலும் உண்ணியிலும் சோர்ந்து விழுந்தன. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்தியாவின் ஏரி மாடுகள் கப்பலேறின. குஜராத் மாடு, கிர், ஒங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு ஆகியவற்றைக் கலந்து ஐக்கிய அமெரிக்காவில் பிராமன் என்ற இனத்தை உருவாக்கினர். அங்கிருந்து 1933இல் பிராமன் அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்று. உண்ணி நிறைந்த வட அவுஸ்திரேலியாவில் மாட்டு வளர்ப்பு நிலைத்து நின்றதற்கு இந்த ஏரி மாட்டின் இரத்தமே பெருந்துணை.

ஆந்திராவின் ஒங்கோல் மாடு பிரேசிலுக்குச் சென்றது. நெல்லூர்த் துறைமுகப் பகுதியின் பெயரால் அங்கே அதனை நெலோர் என்கின்றனர். 1960களின் தொடக்கத்தில் ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவாடிக் கிராமத்துக் காளையொன்றும் அங்கு கொண்டுசெல்லப்பட்டு, அந்நாட்டின் புகழ்பெற்ற தந்தை மாடுகளுள் ஒன்றாயிற்று. இன்று பிரேசிலில் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் உள்ளன. இறைச்சிக்காக வளர்க்கப்படுவனவற்றில் மிகப் பெரும் பகுதி நெலோரும் அதன் கலப்புமே. 2023இல் பிரேசிலின் நெலோர்ப் பசுவொன்று 40 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேல் மதிப்பிடப்பட்டு உலக சாதனையாகப் பதியப்பட்டது.

அப்பசுவின் முன்னோரைப் பல நூறு ஆண்டுகள் பேணி வளர்த்தவர் யார்? ஆந்திராவின் கரிசல் மண்ணில் உழுத விவசாயிகள். எந்தக் காளையை விடுவது, எந்தக் கன்றை நிறுத்துவது என்று கண்ணாலும் கையாலும் தெரிந்தெடுத்தவர்கள் அவர்களே. உழவு இயந்திரம் பரவிய பின்னர் ஒங்கோல் தன் தாயகத்தில் குறைந்துவருகிறது. அதன் பிள்ளைகளோ கடல் கடந்து கோடிகளை ஈட்டிக் கொடுக்கின்றன.

ஏரியை அளக்கும் அளவுகோல்

கதை இத்தோடு முடியவில்லை. அவுஸ்திரேலியாவில் 1990களின் பிற்பகுதியில் இறைச்சியை உண்போரின் சுவைக்கேற்பத் தரம்பிரிக்கும் முறையொன்று ஏற்படுத்தப்பட்டது. பல்லாயிரம் பேருக்கு இறைச்சியைச் சமைத்துக் கொடுத்து, அவர்கள் சொன்னதைக் கொண்டு வகுத்த முறை அது. நேர்மையான முயற்சி என்றே சொல்ல வேண்டும். அதில் அறுத்த மாட்டின் ஏரியின் உயரத்தை அளவுகோலால் அளக்கின்றனர். ஏரி உயர்ந்தால் ஏரி மாட்டின் இரத்தம் கூடுதல் என்று கணக்கு. இரத்தம் கூடினால் முதுகுத் தசை முதலிய சில துண்டுகளுக்குரிய புள்ளி குறைகிறது.

எந்த ஏரிக்காக அந்த மாட்டைக் கடல் கடந்து அழைத்தார்களோ, அதே ஏரிக்காக இன்று புள்ளியைக் குறைக்கின்றனர். வெயிலில் நின்று உழைப்பதற்கு ஒரு மதிப்பு, தட்டில் வைப்பதற்கு வேறொரு மதிப்பு. மாடு மாறவில்லை. அளப்பவரின் தேவை மாறியது. அவ்வளவுதான்.

பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

மாட்டின் உடற் கலங்களில் 30 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. 2009இல் ஹியர்போர்ட் இனப் பசுவொன்றின் முழுப் பரம்பரை வரைபடம் வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 22,000 பரம்பரையலகுகள் கணக்கிடப்பட்டன. ஆனால் அதற்கு முன்னரே மென்மையைத் தேடியோர் நாம் மேலே கூறிய இரண்டு இடங்களுக்குச் சென்றுவிட்டனர். கல்பெயினுக்குரிய பரம்பரையலகு 29ஆம் நிறமூர்த்தத்திலும், கல்பாஸ்ரற்றினுக்குரியது 7ஆம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன.

2002இல் கல்பெயின் பரம்பரையலகில் இரு சிறு வேறுபாடுகள் வெளியிடப்பட்டன. நீண்ட கடிதமொன்றில் ஓர் எழுத்து மாறியதுபோன்ற வேறுபாடுகள் அவை. ஓர் எழுத்துடைய மாட்டின் இறைச்சி மற்ற எழுத்துடைய மாட்டின் இறைச்சியைவிடச் சற்று மென்மையாயிருந்தது. இதைத் தொடர்ந்து, வாலின் சில மயிர்களைப் பிடுங்கி அனுப்பினால் "உங்கள் காளைக்கு இத்தனை நட்சத்திரம்" என்று விடை தரும் பரிசோதனைகள் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன.

இவை பொய்யானவை அல்ல. ஆயினும் மூன்று விடயங்களை நாம் மனதிற் கொள்ள வேண்டும்.

முதலாவது, வித்தியாசம் சிறிது. இறைச்சியை வெட்டுவதற்குத் தேவைப்படும் விசையைக் கருவியால் அளந்தே மென்மையைக் கணிக்கின்றனர். ஒரு பரம்பரையலகால் ஏற்படும் வித்தியாசம் பெரும்பாலான ஆய்வுகளில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மென்மை என்பது ஒரு கல்லில் நிற்கும் வீடு அல்ல. பல நூறு கற்களால் கட்டிய வீடு.

இரண்டாவது, ஓரினத்திற் கண்டது மற்றோரினத்திற்குப் பொருந்தும் என்ற நிச்சயம் இல்லை. 2002இல் வெளியான அடையாளங்களில் ஒன்றின் "நல்ல" எழுத்து ஏரி மாடுகளில் மிக அரிது. அந்த அடையாளத்தைக் கொண்டு பிராமன் மாடுகளைத் தரம்பிரிக்கப் புகுந்தால் ஏறக்குறைய எல்லாம் "மட்டம்" என்றே வரும். அவற்றுள் எது மென்மையானது, எது கடினமானது என்பதை அது சொல்லாது. 2005இல் ஏரி மாடுகளிலும் பயன்படக்கூடிய இன்னோர் அடையாளம் வெளியிடப்பட்ட பின்னரே இக்குறை ஓரளவு நீங்கிற்று. இறைச்சிக்குள் நரம்புபோல் ஓடும் கொழுப்புக்கென ஒரு பரிசோதனையும் அக்காலத்தில் விற்கப்பட்டது. தைரோகுளோபுலின் என்ற பரம்பரையலகை அடிப்படையாகக் கொண்டது அது. பின்னர் வேறு மந்தைகளில் செய்த ஆய்வுகள் பலவற்றில் அத்தொடர்பு காணப்படவில்லை. அயலவருக்குத் தைத்த சட்டை எமக்குப் பொருந்தவில்லை என்றால் குறை எமது உடலில் இல்லை.

மூன்றாவது, பரம்பரை எல்லாம் அல்ல. ஒரே மந்தையிலுள்ள மாடுகளின் மென்மையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே பரம்பரையால் வருகிறது. எஞ்சியது வயது, தீவனம், நடத்திய விதம், அறுத்த விதம், குளிர்வித்த விதம் ஆகியவற்றால் வருவது.

இந்த மூன்றாவது விடயத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். பாரவண்டியில் நெருக்கியடைத்து, தண்ணீரின்றி, தடியால் அடித்துக் கொண்டுபோகப்பட்ட மாட்டின் தசையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. அச்சேமிப்பு இல்லாவிட்டால் அறுத்த பின் இறைச்சியில் தேவையான அமிலம் உண்டாகாது. இறைச்சி கறுத்து, உலர்ந்து, விரைவிற் பழுதடையும். எந்த உயர்ந்த பரம்பரையலகும் இதைத் தடுக்காது. அறுத்த உடலை மிகவேகமாக 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தால் தசை சுருங்கி இறுகிவிடும். ஆறுதலாகக் குளிர்வித்துப் பத்துப் பதினான்கு நாள் வைத்தால் அதே இறைச்சி மென்மையாகும். மாட்டைத் துன்புறுத்தாமல் நடத்துவது அறம் என்று நாம் எப்போதும் கூறிவந்திருக்கிறோம். விஞ்ஞானமும் தன் மொழியில் அதையே கூறுகிறது.

ஒரே குணத்தைத் துரத்தினால்

ஒரு குணத்தை மட்டும் துரத்திச் சென்றால் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு பெல்ஜியம் நாட்டின் பெல்ஜியன் புளூ மாடு சாட்சி. இம்மாட்டின் பின்தொடையும் தோளும் இரட்டைத் தசையாகப் புடைத்து நிற்கும். கொழுப்புக் குறைவு, இறைச்சி மென்மை, ஒரு மாட்டிலிருந்து கிடைக்கும் இறைச்சியும் கூடுதல். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெல்ஜிய வளர்ப்போர் இக்குணத்தைத் தேடித்தேடி இனம்பெருக்கினர்.

இதன் காரணம் 1997இல் வெளியாயிற்று. மயோஸ்ரற்றின் என்ற பரம்பரையலகின் வேலை, தசை அளவுமீறி வளராமல் நிறுத்துவது. பெல்ஜியன் புளூ மாட்டில் அந்தப் பரம்பரையலகின் 11 எழுத்துகள் விடுபட்டுப் போயிருந்தன. நிறுத்தும் கட்டளை இல்லாததால் தசை வளர்ந்துகொண்டே போயிற்று.

இதற்கான விலையைச் செலுத்துவது யார்? பெருத்த கன்று ஒடுங்கிய இடுப்பின் வழியே வெளிவர முடிவதில்லை. இவ்வினத்துப் பசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை வயிற்றைக் கீறும் சத்திரசிகிச்சையாலேயே கன்று ஈனுகின்றன. கன்றுகள் சிலவற்றின் நாக்கு பெருத்துப் பால் குடிக்கவும் இடர்ப்படுகின்றன. பெல்ஜியத்தில் தொலைபேசியில் அழைத்தால் கால்நடை வைத்தியர் வந்துவிடுவார். மருந்தும் மின்சாரமும் வீதியும் உண்டு. நள்ளிரவில் மழைக்கு மத்தியில், ஆறு கட்டை தொலைவிலுள்ள வைத்தியரை எதிர்பார்த்திருக்கும் ஒரு குடும்பத்தின் கொட்டிலில் இத்தகைய பசு நின்றால் என்ன ஆகும்? கன்றும் போகும், தாயும் போகும், கடன் மட்டும் மிஞ்சும்.

அறிவு குற்றவாளி அல்ல. மயோஸ்ரற்றின் என்ன செய்கிறது என்பதை அறிந்தது நல்லதே. அதே பரம்பரையலகில் வேறுவகை மாற்றமுடைய இத்தாலியின் பியெமொண்ட் மாடு தசை மிகுந்திருந்தும் பெல்ஜியன் புளூவைவிட இலகுவாகக் கன்று ஈனுகிறது. இதுவும் அறிவு தந்த செய்திதான். ஒரே குணத்துக்கு எல்லாவற்றையும் பலிகொடுக்கும் ஆசையே ஆபத்தானது.

எதிர்த்துக் கேட்கப்படும் கேள்வி

"ஏழை விவசாயி எப்போதும் ஊர்மாட்டோடுதான் கிடக்க வேண்டுமா? நல்ல இனம் வைத்து நல்ல விலை பெற அவனுக்கு உரிமை இல்லையா?" என்று எம்மிடம் கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. விற்பதற்கு நாம்பன் கன்று ஒன்றையே வைத்திருக்கும் குடும்பத்திற்கு அதன் எடையில் 50 கிலோ கூடினால் பிள்ளைகளின் கொப்பிக்கும் புத்தகத்திற்கும் வழி பிறக்கும். வறுமையை நாட்டு இனம் என்ற பெயரால் போற்றிப் புகழ்வது எமது நோக்கமன்று.

ஆனால் நல்ல விலை என்பது இரண்டு பாதியாலானது. ஒரு பாதி மாட்டில் இருக்கிறது. மறுபாதி சந்தையில் இருக்கிறது. மென்மைக்கு விலை கொடுக்கும் சந்தை, தரம்பிரிக்கும் ஆளையும் குளிரறையையும் தராசையும் உடையது. எமது கிராமங்களில் மாடு கண்மதிப்பில் விலைபோகிறது. மென்மையைக் கேட்டு எவரும் ஒரு சதம் கூடுதலாகக் கொடுப்பதில்லை. கிடைக்காத விலைக்காகத் தாங்காத இனத்தை வளர்ப்பது விவேகமாகுமா? முதலில் ஒன்றுசேர்ந்து நிறுத்து விற்கும் பழக்கத்தை ஏற்படுத்துவோம். ஒரே பட்டியில் நிற்கும் ஊர்மாட்டுக்கே அது கூடுதலாகப் பெற்றுத்தரும்.

அன்றியும் உயர்ந்த இனம் என்பது தீவனத்தோடும் நிழலோடும் தண்ணீரோடும் மருந்தோடும் சேர்ந்தே உயர்ந்தது. 2010களின் பிற்பகுதியில் எமது நாட்டிற்கு அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட பாற்பசுக்களில் பல இறந்தன என்றும், எதிர்பார்த்த பால் கிடைக்காமல் அவற்றை வாங்கியோர் கடனில் வீழ்ந்தனர் என்றும் செய்திகள் வெளியாகின. அந்தப் பசுக்கள் தம் நாட்டில் நல்ல பசுக்களே. அவை தெரிந்தெடுக்கப்பட்டது வேறொரு புல்லுக்கும் வேறொரு வெயிலுக்கும். "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற" என்று சொன்ன எம் முன்னோர் இதை அறிந்திருந்தனர்.

வேறுபாடே செல்வம்

பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள். அந்தச் செல்வம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. மந்தைக்குள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத வேறுபாட்டிலும் இருக்கிறது. வரட்சி வரும்போது ஒன்று தாங்கும். நோய் வரும்போது மற்றொன்று தாங்கும். ஒரே காளையின் விந்தை ஆயிரக்கணக்கான பசுக்களுக்குச் செலுத்தும்போது கன்றுகள் யாவும் ஒரே தந்தையின் பலத்தையும் பலவீனத்தையும் சுமக்கின்றன. மென்மைக்கென்று தெரிந்த எழுத்து ஊரெல்லாம் பரவும்போது, வெயில் தாங்கும் எழுத்தும் உண்ணி தாங்கும் எழுத்தும் எவரும் கவனியாமல் மறைந்துவிடக் கூடும். இழந்த எழுத்தைப் பிறகு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் கால்நடை இனங்களில் ஐந்திலொரு பங்கு அழியும் ஆபத்தில் இருப்பதாகவும், அதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஏறத்தாழ மாதத்திற்கு ஓர் இனம் வீதம் மறைந்ததாகவும் கூறிற்று. போரும் இடப்பெயர்வும் நடக்கும் இடங்களில் இந்த இழப்பு இன்னும் வேகமானது. பட்டியோடு விட்டுவந்த மாடுகள் கட்டாக்காலியாகத் திரிந்து, பிடிபட்டு, விற்கப்பட்டபோது ஒரு குடும்பத்தின் சேமிப்பு மட்டும் போகவில்லை. பாட்டன் காலத்திலிருந்து தெரிந்தெடுத்துவந்த பரம்பரை ஒன்றும் சேர்ந்து போயிற்று. நட்டஈட்டுப் படிவத்தில் மாட்டின் எண்ணிக்கைக்கு இடமுண்டு. அந்தப் பரம்பரையை எழுதுவதற்கு இடமில்லை.

1992இல் ரியோ நகரில் உருவான உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கையை இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் உயிர்வளத்தைப் பிறர் பயன்படுத்தினால் நன்மையைப் பங்கிட வேண்டும் என்கிறது அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு முன்னரே கப்பலேறிய மாடுகளுக்கு அது செல்லாது. உரிமையும் முதலில் அரசுகளின் கையிலேயே கொடுக்கப்பட்டுள்ளது. ஒங்கோல் விவசாயிக்கு அதனால் ஒரு கைப்பிடி புண்ணாக்கும் வரப்போவதில்லை. எனவே எமது செல்வத்தைக் காக்கும் பொறுப்பு முதலில் எம்மிடமே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

இவ்வளவும் சொன்னபின் "ஆகவே என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். பெரும்பணம் தேவைப்படாத சில காரியங்களை இங்கு முன்வைக்கிறோம்.

1. உதவியாக ஒரு மாடு தரப்படும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதன் தாய் எந்த ஊரில், என்ன தின்று வளர்ந்தது? தாய் எத்தனை கன்று, எவர் உதவியுமின்றி ஈன்றது? நோய் வந்தால் யார், எத்தனை மணித்தியாலத்திற்குள் வருவார்? பிடிக்காவிட்டால் ஊர்மாடு ஒன்றாக மாற்றித் தருவீர்களா? கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கொடுப்பவர் நல்ல மனமுடையவராயின் இக்கேள்விகளை வரவேற்பார்.

2. செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்குக் கால்நடை வைத்திய அதிகாரியிடம் செல்லும்போது எந்த இனக் காளையின் விந்து, எத்தனை பங்கு கலப்பு என்று கேட்டு எழுதிவையுங்கள். சிறிய ஊர்ப்பசுவுக்குப் பெரிய இனத்தின் விந்தைச் செலுத்தினால் கன்று ஈனுவதில் இடர் வரக்கூடும். முதல் ஈற்று நாகுகளுக்கு இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

3. பட்டியிலுள்ள பசுக்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலப்பினமாக்க வேண்டாம். மந்தையின் ஒரு பகுதியேனும் ஊர்மாடாகவே நிற்கட்டும். ஊருக்கு இரண்டு மூன்று நல்ல ஊர் நாம்பன்களை நலமடிக்காமல் பொதுவில் வைத்துப் பேணுங்கள். அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அயலூரோடு மாற்றிக்கொள்ளுங்கள். இதனால் நெருங்கிய இரத்தக் கலப்பும் தவிரும்.

4. பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றை எடுத்து மாட்டுக் கொப்பி ஆக்குங்கள். பிறந்த திகதி, தாய், தந்தை, ஈன்ற முறை, நோய், விற்ற விலை ஆகியவற்றை எழுதுங்கள். பெரிய நாடுகள் இலட்சக்கணக்கில் செலவழித்துச் செய்யும் தெரிவின் அடித்தளமும் இத்தகைய பதிவேதான். பதிவில்லாத பரம்பரையலகுப் பரிசோதனை, வேலியில்லாத தோட்டத்திற்கு ஒப்பானது.

5. விற்கும் நாளிலும் மாட்டை அடித்து ஓட்டாதீர்கள். தண்ணீர் காட்டுங்கள். வாங்க வருபவரிடமும் அதைக் கேளுங்கள். உங்களுக்கு உழைத்த பிராணிக்குச் செய்யும் கடைசி நன்றி அது.

பரம்பரையலகுகளை ஆராய்வோரிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இறைச்சியின் மென்மைக்குச் செலவிட்ட அறிவில் ஒரு பங்கையேனும் வெயிலைத் தாங்கும் குணத்திற்கும், காய்ந்த புல்லில் கன்று வளர்க்கும் குணத்திற்கும், உதவியின்றி ஈனும் குணத்திற்கும் செலவிடுங்கள். பூமி சூடேறிவரும் இக்காலத்தில் அக்குணங்களே நாளை எல்லோருக்கும் தேவைப்படப் போகின்றன. அவை இன்னும் ஏழைகளின் பட்டிகளில் உயிரோடு இருக்கின்றன.

மாட்டின் மதிப்பை யார் நிர்ணயிப்பது என்று கேட்டுத் தொடங்கினோம். உண்பவருக்கு அதில் ஒரு குரல் உண்டு. விற்பவருக்கும் விஞ்ஞானிக்கும் உண்டு. ஆனால் நள்ளிரவில் கன்று ஈனும் பசுவின் அருகில் அரிக்கன் லாம்போடு அமர்ந்திருப்பவர் யாரோ, அவருடைய குரல் கேட்காமல் தீர்ப்பு எழுதப்படக் கூடாது. அக்குரலை உரத்து எழுப்பப் பழகுவோம். எழுப்புவதற்குத் தேவையான அறிவையும் தேடிக்கொள்வோம்.